டோக்கியோவில் அம்மாவும் நானும் ஒரு இருட்டுக் கடையும்

முதல் நாள்

காலை எட்டு மணிக்கு நரிதா விமான நிலையத்தில் இறங்கினோம். தூத்துக்குடியில் கிளம்பி சென்னை, சிங்கப்பூர் என்று மாறி மாறி வந்ததில் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு 64 வயது, இதுதான் அவள் பார்க்கும் முதல் வெளிநாடு. சிங்கப்பூரில் முழங்கால் பிடித்துக்கொண்டது என்று ஒரு தடவை சொன்னாள், அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நரிதாவிலிருந்து டோக்கியோவில் அசகுசா என்கிற பகுதிக்கு நடுவில் எங்கும் மாறாமல் ஒரே ரயிலில் வரலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வயல், வீடு, பால்கனியில் காயும் துணி என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஏன் டோக்கியோ, அதுவும் அம்மாவோடு என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் வேலைக்காக மூன்று மாதம் யோகோஹாமாவில் இருந்தேன். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய வாரம், கூட வேலை பார்த்த ஒருவர் அசகுசாவில் ஒரு சுஷிக் கடைக்கு, அதாவது பிடி சோற்றின் மேல் மீன் துண்டு வைத்துத் தருகிற கடைக்கு, கூட்டிப் போனார். வயதான கணவனும் மனைவியும் நடத்திய கடை, எட்டுப் பேர் உட்காரலாம். அந்தப் பெரியவர் என் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தார், நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டேன். மீன் தின்றே வளர்ந்தவன் நான், ஆனாலும் மீனுக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது "பச்சை மீனையா தின்ன?" என்று முகத்தைச் சுளித்தாள். ஆனால் அடுத்த நிமிடமே, அந்த ஆள் தோலை எப்படி உரித்தார், கத்தி எப்படி இருந்தது, உப்பு எப்போது போட்டார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்படித்தான். திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்ப்பாள், வெட்டுகிறவர் கத்தியை எந்தப் பக்கம் போடுகிறார் என்றும் பார்ப்பாள். உன்னை ஒரு நாள் அங்கே கூட்டிப் போய் அந்த ஆள் கையால் சாப்பிட வைக்கிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அவர் கடையை மூடிவிட்டார் என்று இந்த வருடம்தான் தெரிந்தது. அதனால் படங்கள் பார்த்து, தேடி, இரண்டு மாதத்துக்கு முன்பே வேறொரு கடையில் இடம் பிடித்திருக்கிறேன். நாளை இரவு ஏழரை மணி.

இன்றைக்குப் பெரிதாக எங்கும் போகவில்லை. அறையில் பையை வைத்துவிட்டு சென்சோஜி கோயிலுக்கு நடந்தோம். வாசலில் தொங்குகிற அந்தப் பெரிய சிவப்பு விளக்கைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட நான்கு மீட்டர் உயரம், 700 கிலோ எடை. ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது அந்தக் கோயிலின் கதை. 628-ஆம் ஆண்டில் அண்ணன் தம்பி இரண்டு மீனவர்கள் பக்கத்திலிருக்கிற சுமிதா ஆற்றில் வலை போட்டபோது பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கன்னோன் சிலை ஒன்று வலையில் வந்தது, அதற்காக எழும்பிய கோயில் என்பது அந்த ஊர்க் கதை. அந்த இரண்டு மீனவர்களுக்கும், சிலையை இன்னதென்று கண்டு சொன்ன ஊர்ப் பெரியவருக்கும் பக்கத்திலேயே தனிக் கோயில் இருக்கிறது. "அப்ப இது நம்ம ஆளுங்க கோயிலு" என்றாள் அம்மா. செருப்பைக் கழற்றவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், அப்படியும் சின்னக் கோயிலின் முன்னால் கழற்றிவிட்டுத்தான் கும்பிட்டாள்.

ராத்திரி சோபா என்கிற நூடுல்ஸ் விற்கும் ஒரு கடையில் சூடாகச் சாப்பாடு. முதல் வாய் குடித்ததும் கிண்ணத்தை மூக்குப் பக்கம் கொண்டு போனாள். "ஏய்யா, இதுல மாசி வாசம் அடிக்கே." மாசி என்றால் நம் கரையில் சம்பலுக்குப் போடுகிற, கல்லாகக் காய்ந்த சூரை மீன்.

சரி, தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்

மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். பகலில் உவேனோ பூங்காவில் நடந்தோம், கிங்கோ மரங்கள் மஞ்சளாக மாற ஆரம்பித்திருக்கின்றன, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு அந்தக் கடையைப் பற்றி மட்டும்தான் எழுத முடியும், மனசு அங்கேயே நிற்கிறது.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு சந்துக்குள், தரைக்குக் கீழே இறங்குகிற படிக்கட்டு. படியில் விளக்கு இல்லை, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினாள். உள்ளே ஒன்பது இருக்கைகள், கறுப்புக் கல்லில் நீளமான கவுன்டர், சுவரும் கறுப்பு. மது பாட்டில்களுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம், அது பாட்டில்களைத் தாண்டி வரவில்லை. நான் படங்களில் பார்த்து மயங்கியது இந்த வெளிச்சத்தைத்தான்.

இருட்டாக இருந்ததே தப்பு என்று சொல்ல மாட்டேன். கருவறை இருட்டில் ஒற்றை விளக்கில் சாமியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே ஒருவர் கற்பூரத்தட்டைத் தூக்கி முகத்தைக் காட்டுவார், பாதத்தைக் காட்டுவார், அந்த ஒரு கணத்துக்காகத்தான் இருட்டில் அவ்வளவு நேரம் நிற்கிறோம். இங்கே காட்ட ஒருவரும் வரவில்லை.

சுஷி என்றால் எனக்குத் தெரிந்தவரை எதிரில் ஒரு ஆள் நிற்க வேண்டும். இன்றைக்கு நாம் சுஷி என்று சொல்கிற நிகிரி, 1820-களில் எடோவில், அதாவது இதே டோக்கியோவின் பழைய பெயரில் இருந்த ஊரில், தெருக்கடைகளில் பிறந்தது என்பார்கள். ஹனயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். அப்போது ஒரு துண்டு இப்போதைய துண்டைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது, வேலைக்குப் போகிறவன் நின்றபடியே இரண்டைக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான். பிடிக்கிற கைக்கும் தின்கிற வாய்க்கும் நடுவில் சில நொடிதான். அதற்குப் பிறகு வந்த நேர்த்தி, நுணுக்கம் எல்லாம் அந்தச் சில நொடியை ஒழுங்காக வைத்துக்கொள்வதற்கு வந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் ஒருவர் நின்றார், ஆனால் அவர் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுஷி உள்ளே எங்கேயோ தயாராகி, ஒரு இளைஞர் கையில், கறுப்புக் கல் தட்டில், நான்கு நான்காக வந்தது. மொத்தம் பன்னிரண்டு துண்டு, ஒரு உருளை, ஒரு சூப். ஒமகாசே என்று போட்டிருந்தார்கள். உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன் என்று சமைக்கிறவரிடம் சொல்வதுதான் ஒமகாசே. யாரிடம் விட்டேன் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

முதல் தட்டு வந்தது. தட்டும் கறுப்பு, கவுன்டரும் கறுப்பு, மேலே நான்கு மங்கலான மேடு. இளைஞர் அம்மா பக்கம் ஒரு முள்கரண்டியை வைத்தார். கையால் சாப்பிடலாம் அம்மா, இது கையால் சாப்பிடுகிற சாப்பாடுதான் என்றேன். அவளுக்கு அது சந்தோஷம். விரலால் ஒன்றை எடுத்தாள், எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"சோறு ஏன்யா இப்படி ஜில்லுன்னு கெடக்கு?"

நானும் எடுத்தேன். ஃப்ரிட்ஜில் இருந்து வந்த சோறு. மேல் பருக்கை விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடித்தால் கட்டியாகப் பிளந்தது. பழைய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் எப்படி ஆகும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதேதான். சுஷி என்கிற பெயரே மீனுக்கு வைத்தது இல்லை, புளிப்பேறிய சோற்றை வைத்து வந்த பெயர். ஆதியில் மீனை உப்பும் சோறுமாகப் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தார்கள், பீவா ஏரிப் பக்கம் இப்போதும் கெண்டை வகை மீனில் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் புளிப்பைக் காத்திருக்காமல் கொண்டு வரத்தான் பின்னால் சோற்றில் வினிகர் சேர்த்தார்கள். சோறு வடிக்கவும், அகலமான மரத்தொட்டியில் கொட்டி வினிகரும் உப்பும் தெளித்து விசிறவும் இளைஞர்கள் வருடக்கணக்கில் பழகுகிறார்கள். ஆறவும் கூடாது, சுடவும் கூடாது, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், அப்போதுதான் மேலே இருக்கிற மீனின் கொழுப்பு இளகும். அசகுசாப் பெரியவர் சோற்றுத் தொட்டியை வைக்கோல் பின்னிய கூடைக்குள் வைத்து மூடி மூடித் திறந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. சோறு சரியில்லை என்றால் மேலே எதை வைத்தாலும் போச்சு.

மேலே வைத்ததும் சரியில்லை. ஒன்றில் ட்ரஃபிள் காளான் வாசனை எண்ணெய், ஒன்றில் தங்க இழை, ஒன்றில் காரமான மயோனைஸ், எல்லாம் ஒரே எண்ணெய் வாசம். கணவாய் எது, வெள்ளை மீன் எது என்று நாக்கால் பிரிக்க முடியவில்லை. மீனோடு வைக்கிற காரமான பச்சை விழுது வசாபி, அது மூக்கில் ஏறியது, அவ்வளவுதான், அந்தப் பச்சை வாசமோ பின்னால் வரும் இனிப்போ இல்லை. நிஜமான வசாபிக் கிழங்கைத் துருவினால் கொஞ்ச நேரத்திலேயே அதன் வாசம் போய்விடும், அதனால்தான் கேட்கக் கேட்கத் துருவுவார்கள். விலை குறைந்த கடைகளில் வருவது குதிரைமுள்ளங்கியில் பச்சை நிறம் சேர்த்த விழுது. விலை குறைந்த கடையில் அது வந்தால் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது தட்டில் சூரை வந்தது. அதாவது சூரையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள், குனிந்தாள், அப்புறம் கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்து டார்ச்சை அடித்தாள்.

ஓரம் பழுப்பேறிக் கிடந்தது மீன். வெட்டி ரொம்ப நேரமான சூரை அப்படித்தான் ஆகும், சிவப்பு போய் காய்ந்த ரத்தத்தின் நிறம் வரும். மேலே தண்ணீர் கோத்திருந்தது, உறைய வைத்ததை அவசரமாக இளக்கியிருக்கிறார்கள். அந்த வெளிச்சம் இரண்டு நொடி இருந்திருக்கும். இளைஞர் வந்து, ரொம்பப் பணிவாகக் குனிந்து, மற்ற விருந்தினர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும், தயவுசெய்து அணைத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை, கை காட்டியது புரிந்தது. திருடிப் பிடிபட்டவள் மாதிரி டக்கென்று அணைத்துவிட்டாள். எனக்கு இந்த இரவில் மறக்க முடியாதது அதுதான். சோறு குளிர்ந்ததை மன்னித்துவிடுவேன். நாற்பது வருடமாகப் பார்க்காமல் ஒரு மீனை வாங்காதவள், தன் தட்டில் இருக்கிற மீனைப் பார்த்ததற்காகத் தலை குனிந்தாள்.

"சாப்பிட வேண்டாம்மா, வச்சிரு" என்றேன்.

"காசு குடுத்தாச்சுல்லா" என்றாள். எடுத்து வாயில் போட்டு, மெல்லாமல், தண்ணீர் குடித்து விழுங்கினாள். பன்னிரண்டையும் அப்படியே விழுங்கினாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியக் கூடாதாம், நான் இரண்டு மாதமாக இந்த ஒரு ராத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் இல்லையா.

ஏன் அங்கேயே கேட்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஜப்பானிய மொழியில் நன்றி சொல்லலாம், வழி கேட்கலாம், சோறு குளிர்ந்திருக்கிறது, மீன் பழையது என்று மரியாதை கெடாமல் சொல்லத் தெரியாது. அம்மா முன்னால் சத்தம் போடவும் மனம் வரவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு இளம் ஜோடி, அவர்களும் அமைதியாக மென்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் முகமும் தெரியவில்லை.

கடைசியில் வந்த உருளையில் சுற்றியிருந்த நோரி, அதாவது காய்ந்த கடற்பாசித் தாள், ஈரமாகி ரப்பர் மாதிரி இழுத்தது. பில் 28,160 யென், நம் பணத்தில் ரூ.15,000-க்கு மேல். அதில் டீக்குத் தனியாக ஆளுக்கு 800 யென்னும் வரியும். சாதாரண சுஷிக் கடைகளில் டீயைக் கேட்காமலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அதற்குக் காசு வாங்குவதை நான் எங்கும் பார்த்ததில்லை.

படியேறி வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு வயிறு நெறஞ்சுதாய்யா?"

நிறையவில்லை. அறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் இரண்டு ஒனிகிரி வாங்கினேன், ஒன்று 200 யென்கூட இல்லை. அந்த முக்கோணச் சோற்று உருண்டையின் உறையை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள், நோரிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், நடு நாடாவை இழுத்துப் பிரித்தால் தின்கிற நேரத்தில்தான் இரண்டும் ஒட்டும். அம்மா கட்டிலில் உட்கார்ந்து கடித்தபோது நோரி அப்பளம் மாதிரி நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நமத்துப் போகாமல் தின்னக் கொடுக்க வேண்டும் என்ற அக்கறை அங்கே இருந்தது. முழுசையும் சாப்பிட்டாள்.

நாளை காலை நாலரைக்கு எழ வேண்டும். வேண்டாம், ஓய்வெடு என்று சொல்லிப் பார்த்தேன். மீன் மார்க்கெட்டுக்கு வராமல் எப்படி என்கிறாள்.

மூன்றாம் நாள்

டாக்சி பிடித்து தொயொசு சந்தைக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். 1935-இல் இருந்து த்சுகிஜியில் நடந்த மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் இங்கே மாறியது. பழைய சந்தையின் நெரிசலும் ஈரமும் இங்கே கிடையாது, எல்லாம் மூடிய பெரிய கட்டடங்கள், குளிரூட்டிய கூடங்கள். ஏலத்தைக் கீழே கிட்டத்தில் நின்று பார்க்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும், எங்களுக்கு வரவில்லை. மேல் மாடத்தில் கண்ணாடி வழியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கீழே பச்சை நிறத் தரை, சிவப்பு இறைச்சி அதில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக அந்த நிறம். வரிசை வரிசையாகச் சூரை. நம் ஊரில் வருகிற சூரை இல்லை, பனை மரத்தடி போல, உறைந்து மேலெல்லாம் வெண்பனி பூத்த மீன்கள். எல்லாவற்றுக்கும் வால் பக்கம் வெட்டியிருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் கையில் கொக்கியோடு ஒவ்வொரு மீனாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். வெட்டுவாயில் கொஞ்சம் சதையைச் சுரண்டி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார்கள், கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

அம்மா கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏய்யா, அங்க பாரு. அவனும் டார்ச் அடிக்கான்."

ஆமாம். ஒருவர் இல்லை, எல்லோர் கையிலும் டார்ச். வெட்டுவாயின் மேல் வைத்து அடித்து, நிறத்தைப் பார்த்து, கை மாற்றித் திருப்பி அடித்துப் பார்க்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன், படத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் நேற்று ராத்திரி அந்த இருட்டில் எனக்கு இது ஞாபகத்துக்கு வரவில்லையே என்று அவ்வளவு வருத்தமாக இருந்தது. வந்திருந்தால் அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆனால் நேற்றுப் படியேறியதிலிருந்து குனிந்தே இருந்த தலை கொஞ்சம் நிமிர்ந்தது, அது எனக்குத் தெரியும்.

மணி அடித்து ஏலம் ஆரம்பித்தது. கண்ணாடி வழியாகச் சத்தம் லேசாகத்தான் கேட்டது, ஏலம் போடுகிறவர் உடம்பை ஆட்டி ஆட்டி ஒரு ராகமாகக் கூவுகிறார், வாங்குகிறவர்கள் விரலைக் காட்டுகிறார்கள். அம்மாவுக்கு மொழி தேவைப்படவில்லை. "இவன் விட்டுட்டான்… அந்தத் தொப்பிக்காரன் எடுத்துட்டான்… அவனுக்கு இது வேணும்னு மொதல்லயே தெரியும், பாத்த பார்வையிலேயே தெரிஞ்சுது" என்று எனக்கு வர்ணனை சொல்லிக்கொண்டே வந்தாள். 2019-இல் வருடத்தின் முதல் ஏலத்தில் இங்கே 278 கிலோ சூரை ஒன்று 33.36 கோடி யென்னுக்குப் போனது என்று சொன்னேன். புத்தாண்டு ஏலம் கௌரவத்துக்காக நடப்பது, மற்ற நாளில் அந்த விலை கிட்டத்தில்கூட வராது என்றும் சொன்னேன். அவள் விலையை விட்டுவிட்டு, "278 கிலோவா? அது எத்தன வருசம் கடல்ல கெடந்திருக்கும்" என்றாள்.

அங்கிருந்து த்சுகிஜிக்குப் போனோம். மொத்தச் சந்தை போய்விட்டாலும் வெளிச்சந்தைக் கடைகள் அப்படியே இருக்கின்றன, குறுகலான சந்து, கத்தி விற்கிறவர்கள், ஊறுகாய்க்காரர்கள், குச்சியில் குத்திய இனிப்பு முட்டைத் தோசை. அதில் ஒரு கடையில் நின்றுவிட்டாள். கட்சுவோபுஷி விற்கிற கடை. மரக்கட்டை மாதிரி காய்ந்த மீன், மெஷினில் சீவச் சீவ இளஞ்சிவப்புச் சுருள்கள் விழுகின்றன. கடைக்கார அம்மா ஒரு கட்டையைக் கையில் கொடுத்தார். அம்மா முகர்ந்தாள், நகத்தால் சுரண்டினாள், இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்டாள்.

"மாசில்லா இது! முந்தாநாள் சொன்னேன்ல."

சொன்னாள். சூரை வகை மீனை அவித்து, புகையில் போட்டு, கல்லாகக் காய வைப்பது. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்து நம் கரைக்கும் இலங்கைக்கும் வருகிற மாசியும் இதுவும் ஒரே வேலைப்பாடு, இவர்கள் சிலவற்றுக்கு மேலே பூஞ்சை பிடிக்கவிட்டு இன்னும் காய வைக்கிறார்கள். நம் வீட்டில் அம்மியில் தட்டிச் சம்பலுக்குப் போடுவோம், இவர்கள் சீவி நீரில் போட்டுச் சாறெடுக்கிறார்கள். இதை அம்மா கடைக்கார அம்மாவிடம் தமிழிலேயே சொன்னாள், கையால் இடித்துக் காட்டினாள், அவரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், அப்புறம் ஒரு பிடி சுருளை அள்ளி எங்கள் உள்ளங்கையில் வைத்தார். அரை கிலோ வாங்கியிருக்கிறோம்.

மத்தியானம் சுஷி சாப்பிடலாமா என்று கேட்டேன். "எனக்கு அது ஒத்துக்காதுய்யா, நீ சாப்பிடு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள். ஒரு ராத்திரியில் அவளுக்கு அது முடிந்து போன விஷயமாகிவிட்டது. உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து படுத்துவிட்டோம்.

நான்காம் நாள்

மழை. காலையில் எங்கும் போகவில்லை.

பதினொன்றரைக்குக் குடை பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தபோது ஒரு கடை. நின்றுகொண்டே சாப்பிடுகிற சுஷிக் கடை, ஆறு பேர் நிற்கலாம், வெள்ளை மரத்தில் கவுன்டர், மேலே டியூப்லைட் பளிச்சென்று எரிகிறது. வெளியே கண்ணாடி வழியாகவே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மீன் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. அம்மாதான் நின்றாள். பெட்டியை ஒரு நிமிடம் பார்த்தாள். "இந்தச் சூரை நல்ல மீனு" என்றாள்.

உள்ளே ஐம்பது வயது இருக்கும் ஒருவர், தலையில் துணி கட்டியிருந்தார். அம்மாவுக்கு முதலில் சமைத்ததாக ஏதாவது வையுங்கள் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அனகோ வைத்தார், கடல் விலாங்கை இனிப்பும் உப்புமாக வேக வைத்தது. அம்மா முதலில் சாப்ஸ்டிக்ஸை எடுத்து, சரிவராமல், கையால் எடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த துண்டைக் கொஞ்சம் சாய்த்து, அவளுடைய வலது கைக்கு வாகாக வைத்தார், அதற்கடுத்ததில் சோற்றையும் குறைத்துப் பிடித்தார். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுத்து கொஹாதா. நம் சாளைக்கு உறவான சின்ன மீன், வெள்ளித் தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும். உப்பில் வைத்து, அப்புறம் வினிகரில் வைத்து எடுப்பார்கள். ஒரு சுஷிக்காரனின் கையை இதில் பார்க்கலாம் என்பார்கள், ஏனென்றால் விலை மலிந்த மீன், நேரமும் உப்பும்தான் அதை மீனாக்குகிறது. அம்மா கண்ணை மூடி மென்றாள். இந்த முறை மென்றாள்.

"புளி போட்ட சாளை மாதிரி இருக்கு."

அப்புறம் அவளாகவே பெட்டியில் அந்தச் சூரையைக் காட்டினாள். அவர் ஒரு துண்டு வெட்டி, தொட்டியிலிருந்து சோற்றை எடுத்து, இரண்டு தடவை திருப்பி ஒரு தடவை அழுத்தி, மேலே சோயாவைத் தடவி வைத்தார். சிவப்பு அவ்வளவு சிவப்பு. நான் என்னுடையதைத் தொடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தாள், முழுசாக வாயில் வைத்தாள், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சோறு இளஞ்சூடா இருக்குய்யா" என்றாள்.

எந்த ஊர் என்று அவர் கேட்டார். இந்தியா என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன், அம்மாவுக்கு அந்தக் கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது, "தூத்துக்குடி" என்று அவரிடமே நேராகச் சொன்னாள், நெஞ்சில் கை வைத்து இன்னொரு தடவையும் சொன்னாள். அவர் தலை குனிந்து அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அம்மா அதற்குள் மறுபடியும் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அந்தக் கணவாயில ஒண்ணு வைக்கச் சொல்லு."